கேட்காமல் காட்டிய முப்பது விநாடி

1

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பதின்மூன்று வருடம் முடிகிறது. வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஊர்த் திருவிழா மலருக்கு எழுதச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குளிரைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் எழுதலாம் என்று இருந்தேன். போன வருடம் நடந்த ஒரு விஷயம் இருக்க, அதை விட்டுவிட்டு ரொட்டியைப் பற்றி எழுத மனம் வரவில்லை. மலரைப் படிக்கப்போகிறவர்களில் பலருக்கு இந்த விஷயம் பாதி தெரியும். தெரியாத பாதியை நான்தான் சொல்ல வேண்டும்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவருக்குக் கிடங்கில் வேலை. ஒரே மகள் அன்னா இங்கேயே பிறந்தவள். காலை ஷிப்டுக்குப் பேருந்து கிடையாது என்பதால் நாற்பதை நெருங்கும் வயதில் கார் ஓட்டப் படித்தேன். இரண்டு முறை தேர்வில் தோற்று மூன்றாவது முறை உரிமம் வாங்கினேன். எப்போதும் பயத்தோடு ஓட்டுகிற என்னைப் பார்த்துவிட்டுக் கணவர் தள்ளுபடியில் இரண்டு டேஷ்கேம் வாங்கினார். முன்கண்ணாடியில் ஒட்டிவைத்தால் சாலையில் நடப்பதையெல்லாம் பதிவு செய்துகொண்டே இருக்கும் சின்னக் கேமரா. ஒன்றை என் காரில் ஒட்டினோம். இன்னொன்றை அடுத்த விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன்.

அண்ணன் மரியதாஸ் திங்கள்சந்தை ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நான் யாருகூடப் பேசுதேன்னு உனக்கு அங்க காட்டுமா பிள்ளே?" என்று கேட்டார். காட்டாது என்று சொன்ன பிறகுதான் ஒட்டவிட்டார்.

2

போன வருடம் செப்டம்பரில் கடை வாசலில் நிறுத்தியிருந்த என் காரின் கதவை ஒருவர் பின்னால் எடுக்கும்போது இடித்தார். இறங்கிப் பார்க்காமலே போய்விட்டார். நான் வண்டிக்குள்தான் குனிந்து பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் அவர் தெருவைத் தாண்டிவிட்டார். ஆனால் அவர் முன்னால் கடந்துபோனபோது கேமராவில் வண்டி எண் தெளிவாக விழுந்திருந்தது.

மெமரி கார்டை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையம் போனேன். என்னைப் பாராட்டுவார்கள் என்றே நினைத்தேன். இளவயது அதிகாரி ஒருவர் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தார். இடித்துவிட்டுப் போன கார் இருந்தது. அதற்கு முன்னால் நான்கு நாள் ஓடிய பதிவும் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்கும் பிள்ளைகள், சிக்னலில் முத்தம் கொடுத்துக்கொள்ளும் ஒரு ஜோடி, குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும் என் பக்கத்து வீட்டுக்காரர்.

அதிகாரி திரும்பி, "யாரையெல்லாம் இப்படி ஔஃப்நேமன் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அந்தச் சொல்லை நான் தினமும் பயன்படுத்துகிறேன். எங்கள் இல்லத்தில் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்கு அதுதான் சொல். "நான் யாரையும் சேர்ப்பதில்லை. திங்கட்கிழமை மேலாளர் வந்துதான் சேர்ப்பார்" என்றேன்.

அவர் திரையில் தெரிந்த முகங்களை விரலால் காட்டினார். படம் பிடிப்பதற்கும் அதே சொல்தான் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வருடமானாலும் மொழி எங்காவது ஓரிடத்தில் இப்படிக் காலை வாரிவிடும்.

இடித்தவர் இரண்டு நாளில் ஒப்புக்கொண்டார். அவருடைய காப்பீட்டில் கதவைச் சரிசெய்தாகிவிட்டது. எனக்கு மட்டும் தகவல் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொதுச் சாலையில் போகிறவர்களைக் காரணமில்லாமல் தொடர்ந்து பதிவு செய்வது அனுமதிக்கப்பட்டதல்ல என்றும், கீழே உள்ள கேள்விகளுக்கு விளக்கம் தர வேண்டும் என்றும், அதன்பிறகே அபராதம் பற்றி முடிவு செய்யப்படும் என்றும் எழுதியிருந்தது.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கேமரா விற்பது குற்றமில்லை, வாங்குவதும் குற்றமில்லை. ஓடவிட்டுக்கொண்டே இருப்பதுதான் தப்பு. அந்தப் பதிவைச் சில நீதிமன்றங்கள் சாட்சியமாக ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. விபத்து நடக்கும்போது மட்டும் சில விநாடி பதிவானால் பரவாயில்லை என்றார் ஒருவர். பக்கத்து நாட்டில் ஒட்டினாலே அபராதம் என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம்தான் வந்தது. இடித்துவிட்டு ஓடியவரை விட்டுவிட்டு, இடிபட்டவளிடம் விளக்கம் கேட்கிறார்களே என்று வீட்டில் கத்தினேன்.

அன்னாவுக்கு அப்போது பதினொரு வயது. "அம்மா, இதை எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க. ஒருத்தரோட படம் எடுத்தவங்களுக்குச் சொந்தமில்ல. அதுல இருக்கிறவங்களுக்குத்தான் சொந்தம்" என்றாள். அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. என்னைத் திருத்துவதற்கு மட்டும் தமிழ் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3

கடிதம் வந்த அதே வாரம் அண்ணன் போன் செய்தார்.

மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை மண்டைக்காடு கோயிலில் சாமி கும்பிட வைத்துவிட்டுத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். திங்கள்சந்தைக்கு முன்னால் ஒரு வளைவில், தலையில் மீன் சட்டியோடு ஓரமாக நடந்துபோன ஒரு பெண் திடீரென்று சாலையில் விழுந்தார். அண்ணன் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். ஆனால் சத்தம் கேட்டுத் திரும்பியவர்களுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டுதான். கீழே கிடக்கும் மீன்காரப் பெண்ணும், அவர் முன்னால் நிற்கும் காரும்.

"இறங்கி ரெண்டடி வைக்கதுக்குள்ள சட்டையப் பிடிச்சாச்சு. செவுட்டுல ஒண்ணு. யாரு அடிச்சான்னே தெரியல்ல. நான் சொல்லுதேன், வண்டி முட்டல்லன்னு. கேக்க ஆள் வேண்டாமா?"

"பின்னே?"

"பின்னே உனக்க கேமராதான். கேமரா இருக்கு, பாத்துட்டு அடிங்கலேன்னு கத்துனேன். ஒரு பையன் ஏறிப் பாத்தான். பத்தடிக்கு இந்தால வண்டி நிக்குது. எல்லாரும் கைய எடுத்தாவ."

அந்தப் பெண் எங்கள் கடற்கரை ஊர் திரேசம்மாள். வலிப்பு வந்துதான் விழுந்திருக்கிறார். சற்று நேரத்தில் தானே எழுந்து உட்கார்ந்து, வண்டி தன்னை இடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். போலீஸ் வந்து கேமராவைப் பார்த்தது. என்னிடம் நான்கு பக்கத்துக்கு விளக்கம் கேட்ட விஷயத்தை அங்கே எஸ்.ஐ. ஒரே வரியில் முடித்தாராம். "நல்லதாப் போச்சு, எனக்க வாட்ஸ்அப்புல அனுப்பிரு."

அண்ணன் அதை எஸ்.ஐ.க்கு அனுப்பினார். எனக்கும் அனுப்பினார். வேறு யாருக்கும் அனுப்பவில்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

4

வெளிநாடுகளில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு பேஸ்புக்கில் ஒரு குழு இருப்பது உங்களுக்குத் தெரியும். மஸ்கட், குவைத், துபாய் என்று அதில் ஆட்கள் நிறைய. அண்ணன் அனுப்பியது இரண்டு நிமிடப் பதிவு. நான் அதை முப்பது விநாடியாக வெட்டி அந்தக் குழுவில் போட்டேன். திரேசம்மாள் விழுவதும், கார் நிற்பதும், அவர் கைகால் வெட்டி இழுப்பதும், அண்ணன் இறங்கி ஓடுவதும் அதில் இருந்தன. மேலே இப்படி எழுதினேன்: "இங்கே இதைக் குற்றம் என்கிறார்கள். எங்கள் ஊரில் இது ஒரு நிரபராதியைக் காப்பாற்றியது."

என் கோபம் முழுவதும் அந்த அலுவலகத்தின் மேல். திரேசம்மாளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நர்ஸாக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். நான் வேலை செய்யும் இல்லத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் முதலில் திரையை இழுத்து மறைப்போம்.

அந்தச் சனிக்கிழமை அன்னா எனக்காக அலுவலகத்துக்குப் பதில் தட்டச்சு செய்தாள். ஆறாவது கேள்வி: பதிவுகளை மூன்றாம் நபருக்குக் கொடுத்தீர்களா, வெளியிட்டீர்களா? இல்லை என்று எழுதச் சொன்னேன். அவள் விரலை நிறுத்தினாள்.

"மாமா வீடியோ?"

"அது இந்தியா. இதுல வராது."

"அவ கிட்ட கேட்டியா?"

"அவன்னு சொல்லக்கூடாது. பெரியவங்க. அவங்கன்னு சொல்லணும்."

"அவங்க கிட்ட கேட்டியா?"

நான் அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னேன். பிறகு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு என் விஷயம் முடிந்தது. அபராதம் இல்லை. கேமராவைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டேன்.

5

திரேசம்மாளின் மகள் ஜினிக்கு ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. திரேசம்மாளுக்கு வலிப்பு இருப்பது அவருக்கும் மகளுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். கணவர் கடலில் இறந்தபின் பதினேழு வருடமாக மீன் சட்டி சுமந்து மகளை வளர்த்தவர். வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ வரும். வரப்போவது கொஞ்சம் முன்னால் தெரியும் என்பதால் ஏதாவது ஒரு வீட்டின் பின்புறமாகப் போய் உட்கார்ந்துகொள்வாராம். அந்த ஒரு நாள்தான் நடுரோட்டில் வந்துவிட்டது. அன்றுகூட, வெயிலில் மயங்கினேன் என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறார். அங்கே பார்த்தவர்கள் திங்கள்சந்தைக்காரர்கள் என்பதால் கடற்கரையில் அது எடுபட்டும்விட்டது.

மாப்பிள்ளை மஸ்கட்டில் தன் அறையில் படுத்துக்கொண்டு என் முப்பது விநாடியைப் பார்த்தார்.

நவம்பரில் அண்ணன் கூப்பிட்டார். "பிள்ளே, அந்தப் படத்த எடுத்துரு."

"ஏன்?"

"ஜினிக்க கல்யாணக் கெட்டு முடங்கிப் போச்சு. தள்ளைக்கு இருந்தா மவளுக்கும் வருமாம். அந்தத் தீனம் எங்க வீட்டுல வேண்டாமுண்ணு சொல்லிட்டாவ."

அப்படி வந்தே தீரும் என்று மருத்துவத்தில் கிடையாது என்று விளக்கத் தொடங்கினேன். "என்கிட்டச் சொல்லி என்னத்துக்கு?" என்றார். படத்தை எடுத்துவிட்டேன். அதற்குள் அது எத்தனையோ போன்களுக்குப் போய்விட்டிருந்தது.

அந்தக் குழுவில் நான் என் பெயரில் இல்லை. கணவரின் கணக்கில்தான் போட்டேன், அவர் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. கார் அண்ணனுடையது என்பதால் அண்ணன்தான் பரப்பினார் என்று ஊர் முடிவு செய்தது. ஊர் மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் ஆட்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கடற்கரையிலிருந்து சவாரி வருவது நின்றது.

"படத்தப் போட்டது நான்தான்னு சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"நீ அங்க இருக்க. உன்னைய ஏசணும்னா விமானம் பிடிச்சு வரணும். நான் இங்கினதானே கிடக்கேன். இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று அவர் சொன்னதும் நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது மாதம் விட்டேன். தினமும் வேலைக்குப் போனேன், வந்தேன், அன்னாவை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டேன். எந்த நாளும் தூக்கம் கெட்டதாகச் சொல்ல முடியாது.

6

இந்த ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு அன்னாவோடு ஊருக்கு வந்தேன். வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெளியே வரும்போது, இரண்டு பெண்கள் படியில் ஒதுங்கி நின்று, அண்ணன் இறங்கிய பிறகுதான் இறங்கினார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்கு வலித்தது அப்போதுதான். அதுவரை எனக்குத் தகவலாக மட்டுமே தெரிந்திருந்தது.

மத்தியானம் நான் திரேசம்மாள் வீட்டுக்குப் போனேன். நானும் வருவேன் என்று அன்னாவும் கூடவே வந்தாள்.

திரேசம்மாள் வாசலில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து உள்ளே கூப்பிட்டார். ஜினி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். அன்று லீவு. உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"உனக்க அண்ணன் அன்னைக்கு வண்டிய நிறுத்தல்லேன்னா நான் இல்ல" என்றார் திரேசம்மாள். "அதுக்கு நான் அவனுக்காவ செபம் சொல்லுதேன். ஆனா அந்தப் படத்த அனுப்புனதுக்கு எனக்கு அவன் மொகத்தப் பாக்க மனசு வரல்ல. ரெண்டும் ஒருத்தன் செஞ்சா நான் என்னத்தச் செய்ய?"

"ரெண்டும் ஒருத்தர் செய்யல்ல அக்கா. படத்த அனுப்புனது நான்தான்."

அவர் கழுவிய கையை முந்தானையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். உள்ளே ஜினி எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்னத்துக்கு அனுப்புன மக்கா? நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

அலுவலகக் கடிதத்தையும் என் கோபத்தையும் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு காரணமாகப் படவில்லை. "உங்கள நினைக்கவே இல்ல அக்கா" என்றேன். அதுதான் உண்மை.

"நெனைக்கல்ல" என்று அவர் திரும்பச் சொன்னார். ஏச்சு எதுவும் வரவில்லை. ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜினிதான் கேட்டாள். "நீங்க போயி மஸ்கட்டுக்காரங்க கிட்டப் பேசுவியளா அக்கா? நர்சுன்னு சொல்லி?"

"வேண்டாம் பிள்ளே" என்றார் திரேசம்மாள். "அவன் வேற எடத்துல கெட்டியாச்சு. இனி எவன் வந்தாலும் தெரிஞ்சே வரட்டும்." பிறகு என்னிடம் திரும்பினார். "ஊரெல்லாம் பாத்தாச்சு. எனக்க மவ பாத்தாச்சு. நான் மட்டும் பாக்கல்ல. எனக்கு ஒருக்கா காட்டு."

என் போனிலிருந்து அதை நான் அப்போதே அழித்துவிட்டிருந்தேன். நான் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். திரேசம்மாள் உள்ளே வரச் சொன்ன பிறகும் தயங்கினார்.

"வாலே மரியதாசு. ஒன்பது மாசம் வாய மூடிட்டு நிண்ணியே, நீயும் ஒரு ஆளா?"

அண்ணன் சிரிக்கவும் முடியாமல் உட்கார்ந்தார். அவருடைய போனில் அந்த இரண்டு நிமிடமும் முழுதாக இருந்தது. திரேசம்மாள் போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

தான் நடப்பதைப் பார்த்தார். தான் நின்று, இரண்டு கையாலும் சட்டியை இறக்கப் பார்ப்பதையும் விழுவதையும் கைகால் வெட்டி இழுப்பதையும் பார்த்தார். "இப்பிடியா வருது எனக்கு" என்றார். வேறொருவரைப் பற்றிப் பேசும் குரல் அது. அண்ணன் இறங்கி ஓடியதோடு என் முப்பது விநாடி முடிந்தது. படம் தொடர்ந்து ஓடியது. ஆட்கள் ஓடி வந்தார்கள், அண்ணனை வளைத்தார்கள், சட்டையைப் பிடித்தார்கள்.

"எல்லாரும் இவன அடிக்கதுக்கு ஓடுதாவ. என் கிட்ட ஒருத்தரும் வரல்ல, பாத்தியா."

அப்போது காரின் பக்கத்திலிருந்து ஒரு பெண் படத்துக்குள் வந்தார். மஞ்சள் சேலை, வயதானவர். சாலையில் மண்டியிட்டு, திரேசம்மாளின் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்த சேலையை இழுத்துவிட்டார். பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் முந்தானையால் முகத்துக்கு வெயில் மறைத்தபடி கடைசிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"இது யாரு?"

"வண்டியில வந்த மதுரக்காரம்மா" என்றார் அண்ணன்.

திரேசம்மாள் அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னார். மூன்று முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத நீ போடல்லியா?"

"இல்ல அக்கா."

"ஏன்?"

"நீளமா இருந்துது" என்றேன்.

அன்னா என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பேச்சில் பாதிதான் அவளுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

படத்தை அழித்துவிடட்டுமா என்று அண்ணன் கேட்டார். திரேசம்மாள் யோசித்து, "அழிச்சிரு. ஊருல கிடக்கது கிடக்கட்டும், உனக்க கையில வேண்டாம்" என்றார். அண்ணன் அவர் கண்முன்னாலேயே அழித்தார். மலருக்கு இதை எழுதட்டுமா என்று பிறகொரு நாள் நான் போய்க் கேட்டேன். "எழுது. எனக்க பேர மாத்தாண்டாம். உனக்க பேரையும் மறைக்காண்டாம்" என்றார். அதனால் இது என் பெயரில்தான் மலருக்குப் போகிறது. அவர் இப்போது பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறார். மறைக்க வேண்டியிருந்த காலத்தில் மாதம் தவறாமல் அங்கே போக முடியவில்லையாம். ஜினிக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. அதை நான் சரிசெய்துவிட்டதாக எழுத முடியாது.

அன்று நாங்கள் கிளம்பும்போது திரேசம்மாள் அண்ணனை நிறுத்தி, அந்த மதுரைக்காரம்மாவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். சவாரிக்காக வாங்கிய நம்பர் இருந்தது. அண்ணன் கொடுக்கப் போனார். முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று நான் சொன்னேன். அண்ணன் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு, துண்டிக்காமலே போனை உள்ளே கொண்டுவந்து நீட்டினார்.

திரேசம்மாள் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"நீங்கதானே எனக்க சீலைய இழுத்துவிட்டது?" என்றார். "நான் திரேசம்மா பேசுதேன்."